எந்த மீனோடு எந்த மீன்? வடசென்னைத் தண்ணீருக்கு ஏற்ற தேர்வு

கொளத்தூரில் எந்த வண்ணமீன் கடைக்குள் நுழைந்து, “இதையெல்லாம் ஒன்றாக விடலாமா அண்ணா?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “எல்லாம் சேரும் தம்பி, தைரியமாக எடுத்துப் போங்கள்.” கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கடைத் தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலக் குஞ்சுகள். அந்த வயதில் ஆஸ்கரும் கப்பியும்கூட ஒரே மூலையில் ஒதுங்கி நிற்கும். ஓராண்டு போனால் ஆஸ்கர் ஓரடியை நெருங்கிவிடும், கப்பி அதன் வயிற்றுக்குள் போயிருக்கும். அவர் சொல்லும் ‘சேரும்’ இன்றைய சாயங்காலத்துக்கு. வாங்குகிறவர் கேட்பது அடுத்த மூன்று வருடத்துக்கு.

எது எதோடு சேரும் என்று கட்டம் போட்ட அட்டவணைகள் எத்தனையோ இருக்கின்றன. சாது, முரடு, அரைமுரடு என்று குணத்தை வைத்துப் பிரித்திருப்பார்கள். அவற்றில் தவறில்லை; ஆனால் அவை யாரோ ஒருவருடைய குளிர்ந்த ஊருக்காக எழுதப்பட்டவை. பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தொட்டி வைக்கிறவர்கள் வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் தண்ணீர், அடுத்து மே மாதம், பிறகு மின்தடை, அதன்பின் மீன் வளரும் அளவு, கடைசியில்தான் குணம். பல மீன்கள் கூடி வாழும் தொட்டி ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான். அங்கே குணத்தால் மூளும் சண்டையைவிடக் குழாயடியால் மூளும் சண்டைதான் அதிகம்.

தண்ணீரில் தொடங்கலாம். புழல் ஏரியிலிருந்து சுத்திகரித்து வரும் மெட்ரோ தண்ணீர் கிடைக்கும் வீடு, மீன் விஷயத்தில் கொடுத்துவைத்த வீடு. அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்க வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தாலோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டாலோ போதும். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகத் தொடங்கியது அறுபதுகளின் இறுதியிலேயே தெரிந்த சங்கதி. அதே பகுதியில், காட்டுப்பள்ளியில், 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் திறனோடு அமைக்கப்பட்டது. அந்த நீரில் சுண்ணாம்பு குறைவு. ஆக ஒரே வீட்டுக் குழாயில் இப்படி ஒரு நீர், மோட்டார் போட்டால் அப்படி ஒரு நீர், லாரி வந்தால் எந்த ஊர்க் கிணறோ தெரியாத மூன்றாவது நீர். மீனுக்கு ஆகாதது உப்புகூட இல்லை, இந்த மாறாட்டம்தான்.

கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் இருக்கும், விலையும் அதிகமில்லை. மீனுக்கு முன்னால் அதை வாங்குங்கள். என் கணக்கு இது: 250-க்குக் கீழே காட்டினால் டெட்ரா என்ற சிறு மீன் வகைகளை நினைத்துப் பார்க்கலாம். 400 முதல் 1000 வரை என்றால் குட்டி போடும் மீன்களுக்கு உகந்தது. 1500-ஐத் தாண்டினால் மோலியைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம், அல்லது மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வந்து மாற்றும் உறுதி வேண்டும்.

இனி ஒவ்வொரு கூட்டணியாகப் பார்க்கலாம்.

கோல்டு பிஷ்ஷைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பலரும் முதலில் கை நீட்டுவது அதைத்தான். சேர்ந்து வாழும் தொட்டிக்கு முதலில் விலக்க வேண்டியதும் அதைத்தான். அதற்கு இதமானது 18 முதல் 23 டிகிரி. மே மாதத்தில் நம் வீட்டுக் கூடத்தில் தொட்டி நீர் 31, 32-ஐச் சாதாரணமாகத் தொடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 31 டிகிரியில் ஏழரைகூடத் தேறாது. சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், தண்ணீரிலோ சரக்கு குறையும். “புழல், கொளத்தூர்ப் பண்ணைகளில் வளர்கிறதே?” என்று கேட்பார்கள். வளர்கிறது, நிழல் வலை போட்ட அகலமான சிமென்ட் தொட்டியில், அடிக்கடி தண்ணீர் மாற்றும் ஆள் வைத்து. இரண்டடிக் கண்ணாடிப் பெட்டி அதுவாகாது. போதாக்குறைக்கு அது கழிக்கும் கழிவு அதிகம். கழிவிலிருந்து வரும் அம்மோனியா, காரத்தன்மை கூடிய சூடான நீரில் பல மடங்கு நஞ்சாகிவிடும்: 30 டிகிரியில், காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7 இருக்கும் நீரைவிட 8 இருக்கும் நீரில் நச்சு வடிவ அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான் நிற்கும். கோல்டு பிஷ் வேண்டுமென்றால் மூன்றடித் தொட்டியில் இரண்டு, கூட வேறு எதுவும் இல்லாமல். அதற்கு வாயில் நுழையும் மீனெல்லாம் தீனிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் கூட்டணி. வடசென்னைக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். நான்கும் ஒரே குடும்பம், நான்கும் முட்டையிடாமல் குட்டி போடுபவை, நான்குக்கும் சுண்ணாம்பு நீர் பிடிக்கும். டெட்ராவுக்கு வில்லனாகும் அதே போர் தண்ணீர் இவற்றுக்குச் சொந்த ஊர். மோலி ஒரு படி மேலே; கழிமுகத்து உப்பு நீரிலும் வாழும் இனம். இவற்றில் பெரும்பாலானவை கொளத்தூரைச் சுற்றியே பெருக்கப்படுவதால் நம் நீரும் வெயிலும் இவற்றுக்குப் பிறப்பிலேயே பழக்கம்.

தொல்லை எங்கே என்றால் ஆண் பெண் கணக்கில். ஆண் கப்பிகள் நாள் முழுக்கப் பெண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஜோடி ஜோடியாக வாங்கினால் பெண் மீன் இளைத்து, ஓரத்தில் ஒளிந்து, சில வாரங்களில் செத்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்று விட வேண்டும். விட்டால் என்ன ஆகும்? நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி. ஆணைப் பிரித்து எடுத்த பிறகும் பல மாதம் குட்டி போடும், ஏனென்றால் பெண் மீன் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆறு மீன் வாங்கியவர் அடுத்த பொங்கலுக்குள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊறுகாய் பாட்டிலில் தானம் செய்துகொண்டிருப்பார். இது வேண்டாமென்றால் ஆண் கப்பிகளை மட்டும் வாங்கலாம். நிறம் அவற்றிடம்தான் இருக்கிறது; சண்டையும் பெரிதாக வராது. ஸ்வார்டு டெயிலில் மட்டும் இந்த உத்தி பலிக்காது, ஆண்கள் தங்களுக்குள் மல்லுக்கு நிற்கும். தாவி வெளியே விழும் பழக்கமும் உண்டு, மூடி அவசியம்.

கப்பி வாங்கும்போது இன்னொன்று. பெயர் நீளமாகவும் வால் அகலமாகவும் உள்ள உயர்ரகக் கப்பிகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்டவை. ஒரு சிறு காய்ச்சல் தாங்காது. சிமென்ட் தொட்டியில் வெயில் பட வளர்ந்த சாதாரணக் கலப்புக் கப்பி விலையும் குறைவு, ஆயுளும் உறுதி. அழகுப் போட்டிக்குப் போவதாக இல்லையென்றால் அதுவே போதும்.

மூன்றாவது, கௌராமி வகை. இதில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம் என்பதை மறைக்கப் போவதில்லை. தேன் கௌராமியும் குள்ளக் கௌராமியும் கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலத்து மீன்கள். அயல் சரக்கு இல்லை. இவற்றுக்குச் செவுளோடு இன்னோர் உறுப்பும் உண்டு. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த அறையில் காற்றை நேராக வாங்கி மூச்சுவிடும். தொட்டி முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: நடு நீரில் அசையாமல் நிற்கும் மீன் சட்டென்று நிமிர்ந்து மேலேறி, நீர்ப்பரப்பில் வாயை ஒட்டி ஒரு மிடறு குடித்து, செவுள் ஓரமாக ஒரு குமிழியை விட்டுவிட்டு இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்று மோட்டார் நின்ற தொட்டியில் முதலில் போவது கோல்டு பிஷ்ஷும் கூட்டமாக வாழும் டெட்ராக்களும். கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடியது இந்தக் காற்றுக்குடி இனம். மழைக்காலத்துக்கு பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அது இல்லாத வீட்டுக்குக் கௌராமியைவிட நம்பகமான மீன் இல்லை.

எல்லாக் கௌராமியும் ஒன்றல்ல. நீலக் கௌராமியும் அதன் மஞ்சள் ரகமும் ஒரே இனம். வளர்ந்த ஆண் தொட்டி முழுக்கத் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்ளும். முத்தமிடும் கௌராமி வேடிக்கையாக இருக்கும், 30 சென்டிமீட்டர் வரை வளரும், சிறு தொட்டிக்கு ஆகாது. குள்ளக் கௌராமி அழகு. ஆனால் அந்த இனத்தை அதிகம் தாக்கும் ஒரு வைரஸ் நோய் வியாபாரச் சரக்கில் பரவியிருக்கிறது, மருந்தும் இல்லை. மிச்சமிருப்பவை இரண்டு. இரண்டடித் தொட்டிக்குத் தேன் கௌராமி, மூன்றடிக்கு முத்துக் கௌராமி. இரண்டும் சாது. எதுவானாலும் ஒரு தொட்டிக்கு ஓர் ஆண். பைட்டர் மீனும் இதே காற்றுக்குடிக் கூட்டம்தான். அதைத் தனிக்குடித்தனம் வைப்பதே எல்லோருக்கும் நிம்மதி.

டெட்ராவும் ஏஞ்சலும் நான்காவது கூட்டணி. படங்களில் பார்த்து மயங்குவது இதில்தான்: பச்சைச் செடி, அசையும் ஏஞ்சல், கீழே கோடு கோடாக நியான் டெட்ரா. படம் எடுத்த அன்று அது உண்மை. ஏஞ்சல் உடல் மட்டுமே 15 சென்டிமீட்டர் வரை வளரும் வேட்டை மீன். அமேசான் ஆற்றில் சிறு மீன்களையும் தின்று பிழைக்கிறது. ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தால் நியான் குறையும், மறுநாள் இன்னும் குறையும், பிணம் எங்கும் கிடைக்காது. நியானுக்கு நம் வெயிலும் ஆகாது. 21 முதல் 25 டிகிரியில் சுகமாக இருக்கும் மீன் அது. அதே நீலம், அதே சிவப்பு, இன்னும் அடர்த்தியாக வேண்டுமென்றால் கார்டினல் டெட்ராவைப் பாருங்கள். விலை கூடுதல். ஆனால் அதன் பூர்வீகமான ரியோ நீக்ரோ சூடான நீர். நம் மே மாதத்தை நியானைவிட நன்றாகத் தாங்கும். புழல் தண்ணீர் தடையில்லாமல் வரும் வீட்டுக்கு மட்டும் இது. எட்டு, பத்து என்று கூட்டமாக விட வேண்டும். மூன்று வாங்கினால் மூன்றும் பயந்தே சாகும்.

ஏஞ்சல் மேல் ஆசை இருந்தால் தொட்டி ஒன்றரை அடி உயரமாவது இருக்கட்டும், துணைக்கு அதன் வாயில் நுழையாத மீன்கள் இருக்கட்டும். விடோ டெட்ரா அளவில் பொருந்தும், ஆனால் நீண்ட துடுப்பைக் கொறிக்கும் புத்தி அதற்கு உண்டு. ஏஞ்சலின் துடுப்போ நீளம். ஆகவே பிளாட்டி, முத்துக் கௌராமி என்று போவது மேல். இளஞ்சிவப்பு, ஊதா என்று சாயம் ஏற்றி விற்கும் விடோவை வாங்க வேண்டாம். சில மாதத்தில் நிறம் போய்விடும். அதை ஏற்றும்போது மீன் படும் பாடு தனி.

பார்ப் வகையில் டைகர் பார்ப் கடைக்குக் கடை கிடைக்கும், மலிவு, சுறுசுறுப்பு. இரண்டு மூன்று விட்டால் தெருச்சண்டைதான். எட்டு, பத்து விட்டால் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மற்றவற்றை ஓரளவு விட்டுவிடும். அப்போதும் கப்பி, ஏஞ்சல், பைட்டர், கௌராமி இவற்றோடு வேண்டாம். கௌராமிக்கு நெஞ்சிலிருந்து இரண்டு நூல் தொங்கும். அதனால் தடவித்தான் அது உலகத்தை அறிகிறது. டைகர் பார்ப்புக்கு அந்த நூல் புழு. சாயங்காலம் விட்ட கௌராமி காலையில் நூல் இரண்டும் குட்டையாகி, செடிக்குப் பின்னால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். சாதுவான பார்ப் வேண்டுமென்றால் இலங்கை மீனான செர்ரி பார்ப் இருக்கிறது. மிஸ் கேரளா என்று விற்கும் சிவப்புக் கோட்டு மீன் மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளுக்கே உரியது, அழிவின் விளிம்பில் உள்ள இனம். அதற்குக் குளிர்ந்த ஓட்ட நீரும் நான்கடித் தொட்டியும் வேண்டும். நம் வீட்டில் இரண்டும் இல்லை.

இப்போது அடிமட்டம். தொட்டி வாங்கும்போதே, “அழுக்கைத் தின்னும், ஒன்று போடுங்கள்” என்று சக்கர் மீனையும் பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அழுக்கைத் தின்னும் மீன் என்று உலகில் ஒன்று கிடையாது. சக்கர் சின்ன வயதில் பாசியைச் சுரண்டும். அதற்கு ஈடாக நூல் நூலாகக் கழிவை இறக்கும். அடியில் கிடக்கும் அந்தக் கறுப்பு இழைகளைப் பார்த்தாலே யார் அழுக்கு செய்கிறார்கள் என்று தெரியும். 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். வளர்ந்த பின் பாசியில் நாட்டம் குறைந்து, இரவில் கோல்டு பிஷ், ஏஞ்சல் போன்ற தட்டை உடம்பு மீன்களின் விலாவில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சத் தொடங்கும். காலையில் செதில் போய்ச் சிவந்த வட்டம் இருந்தால் நோய் என்று மருந்து விடாதீர்கள், விளக்கணைத்துச் சிறிது நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிதானதும் ரெட்டேரியிலோ வேறு குளத்திலோ கொண்டுபோய் விடுகிற புண்ணிய காரியமும் வேண்டாம். தமிழகத்து நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மீனவர் வலைகளையும் கிழிக்கிறது. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

பாசிதான் கவலை என்றால் ஆன்சிஸ்ட்ரஸ் என்ற மீசைக்கார மீன் ஒன்று போதும். பெரும்பாலும் 12, 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அடியில் விழும் தீனியைப் பொறுக்க ஆள் வேண்டுமென்றால் கோரி மீன் ஆறு. மணல் மெல்லியதாக இருக்க வேண்டும். கூர்க்கல் போட்டால் மீசை தேய்ந்து புண்ணாகும். சூடு தாங்குவதில் ஸ்டெர்பாய் கோரி மற்ற கோரிகளைவிட மேல்.

அட்டவணைகளில் அதிகம் காணாத ஒரு பொருத்தம் மருந்துப் பொருத்தம். மோலிக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் வைத்தியம் கல் உப்பு. அதற்கு அது அமுதம். அதே தொட்டியில் கோரி இருந்தால் அந்த உப்பு அதற்குத் தண்டனை. டெட்ராவுக்கும் அப்படியே. ஒரு தொட்டிக்குள் ஒரே மருந்தைத் தாங்கும் மீன்களாக இருந்தால் நோய் வரும் நாளில் வாளியும் வலையுமாக ஓட வேண்டியதில்லை. மோலியையும் கோரியையும் நான் சேர்க்காததற்கு இதுதான் காரணம்.

ஹீட்டரைப் பற்றி ஒரு வரி. இந்த ஊரில் மார்கழியிலும் வீட்டுக்குள் தொட்டி நீர் 24-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தப் பணத்தில் நல்ல பில்டர் வாங்குங்கள். மேயில் சிறிய மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

முடிவாக எதை எடுப்பது? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போர் தண்ணீரை மட்டும் நம்பும் வீடு என்றால் மோலியும் பிளாட்டியும், வேறு யோசனை வேண்டாம். டிடிஎஸ் 1000-ஐத் தாண்டினால் பிளாட்டியையும் குறைத்துக்கொண்டு மோலிக்கே இடம் கொடுங்கள். பெரம்பூர், கொளத்தூர், மாதவரத்தில் இரண்டு தண்ணீரும் கலந்து வரும் வீட்டில் இரண்டடித் தொட்டிக்கு, அதாவது 54 லிட்டருக்கு, ஆறு ஆண் கப்பி, நான்கு பிளாட்டி, ஒரு ஜோடி தேன் கௌராமி. பிளாட்டி பெண்ணாக இருந்தால் குட்டி வரும், கௌராமி அந்தக் கணக்கைக் கவனித்துக்கொள்ளும். மெட்ரோ தண்ணீர் நம்பகமாக வரும் வீட்டில், 180 லிட்டர் பிடிக்கும் மூன்றடித் தொட்டிக்கு ஒரு ஆண் இரண்டு பெண் முத்துக் கௌராமி, பத்து கார்டினல், ஆறு ஸ்டெர்பாய் கோரி, ஒரு ஆன்சிஸ்ட்ரஸ். ஏஞ்சல் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றால் கார்டினலை எடுத்துவிடுங்கள். இரண்டும் வேண்டுமென்பவர் இரண்டு தொட்டி வாங்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்து கொட்ட வேண்டாம். பில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டால் அது கணிசமாகக் குறையும். முதலில் மூன்று நான்கு பிளாட்டி. கார்டினல் தொட்டியானாலும் இதே தொடக்கம்தான், வேலை முடிந்ததும் அவற்றை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கூட்டமாக வாழும் சிறு மீன்கள், அதற்குப் பின் அடிமட்டத்துக்காரர்கள். கௌராமி, ஏஞ்சல் போன்ற எல்லை பிடிக்கும் மீன்கள் கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் வந்துவிட்டால் பின்னால் வருவதையெல்லாம் விரட்டும். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், புது மீன் விடும் நாளில் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீனுக்குத் தன் எல்லை எது என்று தெரியாமல் போகும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.